திருக்கை மீனும் செப்புப் பாத்திரமும்

பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிசில் ஓவியர்களுக்குள்ளும் உயர்வு தாழ்வு இருந்தது. சமயக் கதைகளையும் வரலாற்று நிகழ்வுகளையும் வரைபவர்க்கு அரச ஓவியக் கழகம் முதலிடம் தந்தது. பேராசிரியர் பதவியும் அவர்க்கே உரியது. உயிரற்ற பொருள்களை வரைபவர் கடைசி வரிசையில் நின்றார். குடமும் கரண்டியும் வரைய அறிவு எதற்கு என்பது அக்காலத்தார் எண்ணம். அக்கடைசி வரிசையில் தாமே சென்று நின்றவர் ழான் சிமியோன் ஷார்தான்.

1699இல் பாரிசில் பிறந்த இவர், பில்லியர்ட்ஸ் மேசைகள் செய்த தச்சர் ஒருவரின் மகன். புராண, வரலாற்று ஓவியங்களுக்கு இன்றியமையாத செவ்வியல் கல்வி இவருக்குக் கிட்டவில்லை. காஸ் என்னும் ஓவியரிடம் பயின்றபோதும், ஆசிரியரின் படங்களைப் பார்த்து வரைவதே பாடமாக இருந்தது. படத்தைப் பார்த்துப் படம் வரைபவர் எதைத்தான் காண்பார்?

பின்னர், குவாப்பெல் என்னும் ஓவியர் தம் உருவப்படம் ஒன்றில் வேட்டைக்காரரின் துப்பாக்கியை வரையும் வேலையை இவரிடம் ஒப்படைத்தார். அத்துப்பாக்கியை எந்த ஒளியில், எந்தச் சாய்வில் வைப்பது என்று குவாப்பெல் நெடுநேரம் எண்ணிப் பார்த்தார். ஓர் எளிய பொருளுக்கு இத்துணைக் கவனமா என்று இளைஞர் வியந்தார்.

அவ்வியப்பு ஒரு முயலால் முயற்சியாக மாறியது. இறந்த முயலொன்றை வரைய முற்பட்டவர், அதன் மயிரை ஒவ்வொன்றாகத் தீட்டுவது பயன்தராது என உணர்ந்தார். இதுவரை கண்ட படங்களையும் பிறர் கையாண்ட முறைகளையும் மறந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். நுணுக்கங்கள் கண்ணுக்குப் புலப்படாத தொலைவில் முயலை வைத்தார். உடலின் திரட்சி, நிறம், ஒளி, நிழல் ஆகியவற்றை மட்டும் உள்ளவாறே தீட்ட முயன்றார். கற்றதை மறப்பது கற்பதினும் கடினம். ஷார்தானுக்கும் அது எளிதாக அமையவில்லை.

1728இல் அவர் தம் ஓவியங்களைக் கழகத்திற்குக் கொண்டு சென்றார். யார் வரைந்தவை என்று கூறாமல் அவற்றை முன்னறையில் வைத்திருந்தார். மூத்த ஓவியர் லார்ஜிலியேர் அவற்றைப் பிளெமிஷ் நாட்டு வல்லுநர் ஒருவரின் படைப்புகள் என்றே கருதிப் பாராட்டினார் என்பர். அன்றே ஷார்தான் உறுப்பினராக ஏற்கப்பட்டார். அவ்வோவியங்களுள் ஒன்று 'திருக்கை மீன்'. வயிறு கீறப்பட்டுக் கொக்கியில் தொங்கும் மீனின் அடிப்பக்கம், துயருற்ற மனித முகம்போல் தோன்றும். கண்களாகத் தெரிபவை உண்மையில் மூக்குத்துளைகளே. அருகில் சிப்பிகளின்மீது ஒரு பூனை மயிர் சிலிர்க்க நிற்கிறது. இவ்வோவியம் இன்று லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இடையில் பணிப்பெண்களையும் சிறுவர்களையும் வரைந்து புகழ்பெற்றார். ஆயினும், புகழும் பொருளும் அவற்றால் வந்த பின்னரும் 1740களின் இறுதியில் மீண்டும் பாத்திரங்களிடமே திரும்பினார். ஒரே செப்புப் பாத்திரமும் ஒரே உரலும் பல ஓவியங்களில் இடம்பெறுகின்றன. ஆனால் ஒருமுறை கண்ட ஒளி மறுமுறை இல்லை. ஒரு பழத்தின் சிவப்பு அருகிலுள்ள வெள்ளிக் கிண்ணத்தில் மங்கலாகப் படிந்திருப்பதையும் அவர் விட்டுவைக்கவில்லை. இன்று பிட்ஸ்பர்க் நகரிலுள்ள ஓர் ஓவியத்தில் ஒரு குவளை நீர், ஒரு காப்பிப் பாத்திரம், சில பூண்டுகள் ஆகியவை உள்ளன. அறிஞர் தித்ரோ, அருகில் சென்றால் மங்கலாகவும் விலகினால் உயிருடனும் தோன்றும் இவரது வண்ணப்பூச்சைக் கண்டு வியந்து எழுதினார்.

முதுமையில் கண்பார்வை குன்றியது. எண்ணெய் வண்ணங்களைக் கையாள முடியாமற் போகவே, வண்ணச் சுண்ணக்கோல்களை எடுத்தார். 1775இல் தம்மையே வரைந்த படத்தில், மூக்குக் கண்ணாடியும் ஒளி தாக்காதிருக்க நெற்றியில் கட்டிய மறைப்புமாக நம்மை நோக்குகிறார். 1779 ஆம் ஆண்டுக் கண்காட்சிக்கும் படங்களை அனுப்பினார். அவ்வாண்டு டிசம்பரில் மறைந்தார்.