கருவுற்ற தாய்க்கு இரும்பும் அயோடினும்

சோளப் பயிரின் இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இடைப்பகுதி வெளிறி மஞ்சளாவதைக் கண்டிருப்பீர்கள். கோவை மாவட்டத்தில் சுண்ணாம்பு மிகுந்த கரிசல் நிலங்களில் இது தோன்றும். அம்மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு மிகுதியால் அது கரைவதில்லை, வேரும் எடுத்துக்கொள்ள முடிவதில்லை. எனவேதான் அன்னபேதி உப்பைக் கரைத்து இலைவழித் தெளிக்கிறோம்.

நம் உடலிலும் அப்படியே. சத்து உணவில் இருந்தால் போதாது. உடலில் சேர வேண்டும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழகக் கர்ப்பிணிப் பெண்களில் நூற்றுக்கு 48 பேர் இரத்தசோகை உடையவர்களாகக் காணப்பட்டனர்.

இரத்தசோகை

கர்ப்பிணியின் இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 11 கிராமுக்குக் குறைவாக ஹீமோகுளோபின் இருந்தால் அது இரத்தசோகை. அசதி, மூச்சு வாங்குதல், தலைசுற்றல் ஆகியவை அறிகுறிகள். ‘மாசமாக இருந்தால் அப்படித்தான்’ என்று விட்டுவிடக் கூடாது. இரத்தசோகை கடுமையாக உள்ளவருக்குப் பிரசவ இரத்தப்போக்கு உயிருக்கே ஆபத்தாகலாம்.

முருங்கைக்கீரை, கம்பு, கொள்ளு இவற்றில் இரும்பு உண்டு. உடன் நெல்லி, எலுமிச்சை, கொய்யா சேர்த்தால் அது நன்கு உடலில் சேரும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீரும் காப்பியும், மண்ணில் சுண்ணாம்பைப் போல, தடையாகின்றன.

தைராய்டு

கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி வேலை செய்ய அயோடின் இன்றியமையாதது. முதல் மூன்று மாதம் சிசுவின் மூளை வளர்ச்சி தாயின் தைராய்டு சுரப்பையே நம்பியுள்ளது. பயிருக்கு அயோடின் தேவையில்லை. ஆதலால் அயோடின் குறைந்த மண்ணிலும் பயிர் செழித்து நிற்கும். பார்த்து அறிய வழியில்லை. உப்பில் அயோடின் சேர்ப்பது இதனால்தான்.

உடலில் இரும்பு குறைந்தால் தைராய்டு சுரப்பும் தளரும். ஆகவே இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடனே பதிவு செய்து இரத்தப் பரிசோதனை செய்க. தைராய்டு சோதனை பற்றியும் மருத்துவரிடம் கேட்கவும்.

2. நான்காம் மாதம் முதல் இரும்புச் சத்து மாத்திரையை நாள்தோறும் ஒன்றாக 180 நாள் உட்கொள்ள வேண்டும். வயலுக்கு வாங்கிய அன்னபேதியை ஒருபோதும் மருந்தாகக் கொள்ளக் கூடாது.

3. ஏற்கெனவே தைராய்டு மாத்திரை உண்பவர் அதை நிறுத்தக் கூடாது. கருவுற்றதும் மருத்துவரிடம் சொன்னால் அளவைத் திருத்தித் தருவார். அதற்கும் இரும்பு மாத்திரைக்கும் இடையே நான்கு மணி நேரம் இருக்கட்டும். சேர்த்து உண்டால் தைராய்டு மருந்து உடலில் சேராது.

4. அயோடின் கலந்தது என அச்சிட்ட உப்பையே வாங்கி, மூடிய பாத்திரத்தில், அடுப்பனலும் ஈரமும் படாமல் வைக்கவும்.

5. வயலில் செருப்பணிந்து நடக்க வேண்டும். கொக்கிப்புழு பாதத்தின் வழியே புகுந்து குடலில் இரத்தத்தை உறிஞ்சும்.

கதிர் முற்றியபின் நுண்ணூட்டம் தெளித்துப் பயனில்லை என்பது நாம் அறிந்ததே. கருவுற்றது தெரிந்த வாரமே தங்கள் இல்லத்துப் பெண்ணைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.