எட்டு, மூன்றாகத் தெரிகிறது

கேள்வி: எலக்ட்ரீஷியனாக இருந்த அப்பாவின் ஃபுளூக் 77 மல்ட்டிமீட்டரில் எட்டு, மூன்று போலத் தெரிகிறது. புது பேட்டரி போட்டும் பயனில்லை. தூக்கிப் போட்டுவிடலாமா?
– வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: பொறுங்கள்! 1983இல் வந்த வரிசை அது, லேசில் சாகாது. பெரும்பாலும் அளப்பதில் கோளாறு இருக்காது, காட்டுவதில்தான். திரையையும் சர்க்யூட் பலகையையும் இணைப்பது கம்பியல்ல, ஒரு ரப்பர் பட்டை. அதில் மின்சாரம் கடத்தும் கார்பன் அடுக்கும் கடத்தாத அடுக்கும் மாறி மாறி இருக்கும். அழுக்கு சேர்ந்தாலோ அழுத்தம் தளர்ந்தாலோ எண்ணில் சில கோடுகள் காணாமல் போகும்.

புரோபுகளையும் பேட்டரியையும் கழற்றிவிட்டுத் திறங்கள். பட்டையின் விளிம்புகளையும் அது தொடும் இடங்களையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் பொருத்துங்கள். விரல் படக்கூடாது, எண்ணெய்ப் பசை ஒட்டும். ஆல்கலைன் பேட்டரி கசிந்திருந்தால் அந்த இடத்தை முதலில் வினிகர் தொட்ட பஞ்சால் துடையுங்கள்.

ஃபியூஸில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சாதாரணக் கண்ணாடி ஃபியூஸ் அங்கே வெடித்துச் சிதறலாம். மீட்டரில் குறித்திருக்கும் அதே அளவு, அதே வகைதான் வேண்டும். லிட்டில் இந்தியா பக்கம் போகும்போது சிம் லிம் டவரில் கேளுங்கள். சிம் லிம் ஸ்குவேர் அல்ல, அது கம்ப்யூட்டர்காரர்களின் இடம்.

திறக்கத் தயக்கமா? 2014இல் தொடங்கிய ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ தன்னார்வலர்கள் உங்களைப் பக்கத்தில் உட்காரவைத்தே பழுதுபார்க்கச் சொல்லித் தருவார்கள். புரோபு வயர்களில் வெடிப்பு இருந்தால் அவற்றை மட்டும் தூக்கிப் போடலாம்.