மோட்டாரை மேலே எடுக்குமுன் சுமையைக் கணக்கிடுங்கள்

ஆழ்குழாய்க் கிணற்றில் இறக்கிய நீர்மூழ்கி மோட்டார் பழுதானால், முக்காலி நட்டு, கப்பி மாட்டி, குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே எடுப்பது வழக்கம். பல இடங்களில் கையில் கிடைத்த கயிறும் கடன் வாங்கிய கொக்கியுமே இதற்குப் பயன்படுகின்றன. பாதியில் கயிறு அறுந்தால் மோட்டாரும் குழாயும் கிணற்றுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். கிணறே பயனற்றுப் போவதும் உண்டு. அறுந்த வடம் சுழன்று வந்து அடித்தால் அருகில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. சிறிது நேரக் கணக்கில் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

எவ்வளவு சுமை?

60 மீட்டர் (சுமார் 200 அடி) ஆழத்தில் 2 அங்குல ஜி.ஐ. குழாயில் தொங்கும் 5 குதிரைத்திறன் மோட்டாரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

குழாய்: மீட்டருக்குச் சுமார் 5 கிலோ வீதம் 300 கிலோ.
குழாயினுள் நிற்கும் தண்ணீர்: மீட்டருக்கு 2.2 லிட்டர் வீதம் 132 கிலோ.
மோட்டாரும் பம்பும்: 60 கிலோ என்று கொள்வோம்.
கேபிள், கிளாம்ப் முதலியன: 20 கிலோ.
மொத்தம்: 512 கிலோ.

பலரும் மறப்பது தண்ணீரின் எடையை. பம்பின் மேலுள்ள வால்வு தண்ணீரைக் கீழே விடாமல் பிடித்திருந்தால் அந்த எடையும் சேர்ந்தே மேலே வரும். மோட்டாரின் சரியான எடையை விற்பனையாளரிடம் கேட்டு அறியலாம். குழாய் மணலில் சிக்குவதும், தூக்கும்போது குலுங்குவதும் உண்டு. ஆகவே கால் பங்கு கூட்டி 640 கிலோ என்று வைத்துக்கொள்வதே முறை. மண் மூடி இறுகிய குழாயை இழுக்க இந்தக் கால் பங்கும் போதாது. அப்போது பலவந்தமாக இழுக்காமல் அனுபவமுள்ளவரை அழைக்க வேண்டும்.

பாதுகாப்பான சுமை

ஒரு வடம் எத்தனை கிலோவில் அறுமோ அது அறுபடும் சுமை. அந்த அளவு வரை ஏற்றலாம் என்று நினைப்பது தவறு. கம்பி வடமானால் அறுபடும் சுமையை 6-ஆல் வகுத்து வருவதே பாதுகாப்பான வேலைச் சுமை. தேய்மானம், துரு, திடீர் குலுக்கல் இவற்றுக்காக விடப்படும் இடைவெளி அது.

வயலில் நின்றபடியே கணக்கிட ஓர் எளிய வழி உண்டு. கம்பி வடத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, மீண்டும் 8-ஆல் பெருக்கினால் பாதுகாப்பான சுமை கிலோவில் கிடைக்கும். 8 மி.மீ. வடம் 512 கிலோ தாங்கும், 10 மி.மீ. வடம் 800 கிலோ தாங்கும். நமது 640 கிலோவுக்கு 8 மி.மீ. போதாது, 10 மி.மீ. தேவை.

நல்ல மணிலாக் கயிற்றுக்கு விட்டத்தை அதே எண்ணால் பெருக்கினால் போதும். 20 மி.மீ. கயிறு 400 கிலோ மட்டுமே தாங்கும். முடிச்சுப் போட்டால் வலு பாதியாகிவிடும். தென்னை நார்க் கயிறு இவ்வேலைக்கு உதவாது.

கப்பியின் கொக்கி

மேலே ஒரே கப்பியை மாட்டி, வடத்தின் மறுமுனையைக் கீழிருந்து இழுக்கும்போது, கப்பியின் கொக்கி சுமையை மட்டும் தாங்குவதில்லை; இழுக்கும் விசையையும் சேர்த்துத் தாங்குகிறது. 640-ம் 640-ம் சேர்ந்து 1,280 கிலோ. உராய்வு தனி. ஆகவே கொக்கி, ஷாக்கிள், முக்காலி மூன்றும் குறைந்தது 1.5 டன் தாங்க வேண்டும். வடம் சரியாக இருந்தும் கொக்கி விரிந்துபோவதற்கு இந்த இரட்டிப்பும் ஒரு காரணம். 1 டன் செயின் பிளாக் பயன்படுத்தினால் இந்த இரட்டிப்பு இல்லை.

குழாய்க் கிளாம்பை இரண்டு சங்கிலிகளால் தூக்கும்போது, அவற்றுக்கு இடையே 60 பாகைக் கோணம் இருந்தால் ஒவ்வொன்றும் சுமையில் 58 சதவிகிதம் தாங்கும். 120 பாகைக்கு விரிந்தால் ஒவ்வொன்றும் முழுச் சுமையையும் தாங்க நேரிடும். சங்கிலி நீளமாகவும் கோணம் குறுகலாகவும் இருப்பது நல்லது. முக்காலியின் கால்களையும் அளவுக்கு மீறி விரிக்கக் கூடாது. அடியில் சங்கிலியால் பிணைத்து வைக்க வேண்டும்.

வேலைக்கு முன் கவனிக்க வேண்டியவை

* வடத்தில் அதன் விட்டத்தைப் போல் 8 மடங்கு நீளத்துக்குள், மொத்தக் கம்பிகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அறுந்திருந்தால் அந்த வடத்தை ஒதுக்கிவிட வேண்டும். முறுக்கு விழுந்ததும், நசுங்கியதும், துருவேறியதும் ஆகாது.
* வடத்தின் முனையில் குறைந்தது 3 கிளிப்புகள் தேவை. கிளிப்பின் வளைந்த கம்பி குட்டை முனையின் மேல் அமைய வேண்டும். சுமை தாங்கும் பக்கத்தின் மேல் அமையக் கூடாது.
* வாய் விரிந்த கொக்கியைத் தட்டி நிமிர்த்திப் பயன்படுத்தக் கூடாது.
* ஒரு கிளாம்ப் கேசிங் குழாயின் மேல் உறுதியாக உட்கார்ந்த பிறகே மற்றதைக் கழற்ற வேண்டும்.
* மேலே எழும் குழாய் 6 மீட்டர் நீளமுள்ளது. அருகில் மின்கம்பி சென்றால், மின்வாரியத்தாரிடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே தொடங்க வேண்டும்.
* தொங்கும் சுமையின் கீழும், இழுக்கும் வடத்தின் நேரிலும் எவரும் நிற்கக் கூடாது. குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட வேண்டும்.

தூக்கும் கருவிகளில் பாதுகாப்பான சுமையைத் தெளிவாகக் குறிக்க வேண்டும், அவற்றை 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதியுள்ளவர் பரிசோதிக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-வது பிரிவு விதித்தது. அச்சட்டம் தொழிற்சாலைகளுக்காக எழுதப்பட்டது. ஆனால் சுமை விழும் விதம் எங்கும் ஒன்றே. வாடகைக்கு எடுக்கும் செயின் பிளாக்கிலும் ஷாக்கிளிலும் டன் அளவு பொறித்திருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். அளவு பொறிக்காததை வாங்காமலிருப்பதே மேல்.

மோட்டாரை மீண்டும் இறக்கும் நாளில், எத்தனை குழாய்கள், எந்த விட்டம், மோட்டாரின் எடை, மொத்தச் சுமை ஆகியவற்றை மோட்டார் அறையின் சுவரில் பெயின்டால் எழுதி வைப்பது நல்லது. அடுத்த முறை தூக்க வருபவர் யாராயிருந்தாலும், எவ்வளவு கனத்தைத் தூக்கப் போகிறோம் என்பதை வடத்தை மாட்டுமுன்பே அறிந்துகொள்வார்.