புருஷகாரமும் இசபெல்லாவின் முழந்தாளும்



கீழ்பென்னாத்தூரில் ஸ்ரீவசநபூஷணம் அநுபவித்துக்கொண்டிருந்த ஒருநாள், "பெருமாள் தயாநிதி என்றால் பிராட்டியின் சிபாரிசு எதற்கு?" என்று ஓர் இளைஞர் வினவினார். வங்கியில் கடன் மனுவோடு வரும் சிபாரிசுகளைக் கண்டு சலித்திருந்த நமக்கும் இவ்வையம் முன்பே உண்டு.

பிள்ளை லோகாசாரியர் அந்நூலில் புருஷகார வைபவத்தையே முதலில் எடுக்கிறார். புருஷகாரமாவார்க்கு க்ருபை, பாரதந்த்ர்யம், அநந்யார்ஹத்வம் மூன்றும் வேண்டும் என்கிறார். க்ருபை நம் பொருட்டு. மற்ற இரண்டும் எம்பெருமான் இசையும் பொருட்டு. சிபாரிசு செய்பவர் தமக்கு வேண்டியவரா என்றே கடன் கேட்பவர் பார்ப்பார். கொடுப்பவரோ, அவர் தம்மையன்றி வேறு நாட்டம் உடையவரா என்று பார்ப்பார். பிராட்டிக்கு அவனையன்றி வேறு நாட்டமில்லை. அவள் இல்லாத தயையை உண்டாக்குவதில்லை. குற்றம் கணக்கிடும் ஸ்வாதந்த்ர்யத்தை விலக்கி, உள்ள தயையைக் கிளப்புகிறாள்.

பரிந்துரைக்கும் இக்கருத்து பிறநாட்டாரையும் விட்டதில்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் 39 விதிகளில் 22ஆவது, புனிதர்களைப் பரிந்து பேச அழைக்கும் வழக்கத்தை மறுத்தது. ஆயினும் 1604 டிசம்பரில் அரசவையில் நடிக்கப்பட்ட ஷேக்ஸ்பியரின் 'மெஷர் ஃபார் மெஷர்' நாடகத்தில், தன் சகோதரனைக் கொல்வித்தவன் என்று தான் நம்பும் ஆஞ்செலோவுக்காகவே இசபெல்லா முழந்தாளிட்டு மன்னிப்பு வேண்டுகிறாள். நாம் கல்லூரியில் பயின்றது வணிகவியல். இந்நாடகத்தைப் பிற்காலத்தில்தான் படித்தோம். அக்காட்சியில் உடனே நினைவுக்கு வந்தது அசோகவனம்.

ஆனால் வாசி பெரிது. ஆஞ்செலோவின் மனைவி மரியானா மன்றாடிய பிறகே இசபெல்லா இசைகிறாள். தீய எண்ணம் செயலாகவில்லை என்று சட்டவாதமும் சொல்கிறாள். இங்கோ யுத்தம் முடிந்ததும் திருவடி ராக்ஷஸிகளைக் கொல்ல அநுமதி கேட்க, அப்போது ஒருவரும் வேண்டாதிருக்கவே பிராட்டி தடுக்கிறாள். அவர்கள் குற்றம் செயலானதே. அதை அநுபவித்தவளும் அவளே. அரசன் ஏவலைச் செய்தவர்கள் என்கிறாள். தவறு செய்யாதவர் யார் என்கிறாள்.

பராசர பட்டர் ஸ்ரீகுணரத்நகோசத்தில் இதைப் பெருமாளோடேயே ஒப்பிடுகிறார். காகமும் விபீஷணாழ்வானும் சரணம் என்றபின் காத்தவர் பெருமாள். குற்றத்தின் ஈரம் உலராதிருந்த ராக்ஷஸிகளை, அச்சொல்லும் இல்லாமலே காத்தவள் பிராட்டி. ஆதலால் பெருமாள் கோஷ்டியே இலேசாயிற்று என்கிறார் பட்டர். சிபாரிசு எதற்கு என்ற இளைஞரிடம் நாம் சொன்னதும் இந்த ச்லோகத்தைத்தான்.