21 நாள் கணக்கு: நாட்டுக்கோழி வளர்க்கலாம் வாங்க!



நம்ம பள்ளிக்கூடத்தில் நிறையப் பேர் வீட்டில் கோழி நிற்கிறது. முட்டை விற்ற காசில்தான் பல வீடுகளில் நோட்டு, பேனா, பஸ் செலவு எல்லாம். ஆனால் "பத்துக் குஞ்சு பொரிச்சுது, ரெண்டுதான் மிஞ்சுச்சு" என்று சொல்லாத வீடு குறைவு. பொரிக்க வைப்பதைக் கோழி பார்த்துக்கொள்ளும். பொரித்ததைக் காப்பாற்றுவதுதான் நம்ம வேலை. இரண்டையும் வரிசையாகப் பார்ப்போம்.

1. தொடக்கம்

முதலில் மூன்று பெட்டைக்கோழியும் ஒரு சேவலும் போதும். சேவல் கட்டாயம் வேண்டும். சேவலோடு சேராத கோழியும் முட்டையிடும், ஆனால் அது குஞ்சு பொரிக்காது. கடையில் வாங்கும் நாமக்கல் பண்ணை முட்டையை அவயம் வைத்தால் வீண்தான். அங்கே முட்டைக்கோழிகளைச் சேவல் இல்லாமல்தான் வளர்க்கிறார்கள்.

கூடு கீரி, காட்டுப்பூனை நுழையாதபடி இருக்கணும். நம்ம பக்கம் காற்றாலை சுத்துற ஊர். ஆடிக்காத்து மேற்கே இருந்து அடிக்கும். அதனால் கூட்டு வாசலைக் கிழக்கே பார்த்து வையுங்கள். ஐப்பசி மழைக்கு வாசலில் ஒரு சாக்குத் திரை கட்டினால் போதும்.

2. முட்டை சேர்த்தல்

நாட்டுக்கோழி ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து முட்டை இட்டுவிட்டு அவயத்துக்கு உட்காரும். அதுவரை முட்டையைக் குளிர்ச்சியான இடத்தில், கூர்முனை கீழே இருக்கும்படி வைக்கணும். ஒரு வாரத்துக்கு மேல் பழைய முட்டை வேண்டாம். தண்ணீரில் கழுவவும் கூடாது. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அது வழியாகத்தான் உள்ளே இருக்கும் கரு மூச்சு விடுகிறது. கழுவினால் ஓட்டின் மேல் இருக்கும் காப்புப் படலம் போய், கிருமி உள்ளே போகும்.

3. அவயம் வைத்தல்

ஒரு ஓலைப்பெட்டியில் மணலோ வைக்கோலோ பரப்பி 10 முதல் 12 முட்டை வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டைக்குச் சூடு கிடைக்காது. பேன் வராமல் இருக்க வேப்பிலை போடுவது நல்லது. இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று ஆச்சிமார் கரித்துண்டும் இரும்பாணியும் வைப்பாங்க. வைப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் முட்டை பொரிப்பது சூடு, ஈரப்பதம், காற்று, புரட்டுதல் இந்த நான்கினால்தான்.

முட்டைக்கு வேண்டிய சூடு சுமார் 37.5 டிகிரி செல்சியஸ். கோழி தன் உடம்பாலேயே இதைக் கொடுத்துவிடுகிறது. ஒரு நாளைக்குப் பல தடவை முட்டையை அலகால் புரட்டியும் விடும். புரட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிச் செத்துப்போகும். தாய்க்கோழிக்குப் பக்கத்திலேயே தீனியும் தண்ணீரும் வையுங்கள்.

ஏழாம் நாள் ராத்திரி டார்ச் லைட்டை முட்டைக்கு அடியில் பிடித்துப் பாருங்கள். சிவப்பு நரம்பு சிலந்தி மாதிரி தெரிந்தால் கரு உண்டு. ஒன்றும் இல்லாமல் வெளிச்சமாகத் தெரிந்தால் அதில் குஞ்சு வராது, எடுத்துவிடலாம்.

4. உள்ளே நடப்பது

மழுங்கிய முனையில் ஒரு காற்றறை இருக்கிறது. குஞ்சு முதலில் அதை அலகால் குத்தி மூச்சு விடும். பிறகு ஓட்டில் கீறல் விழும். 21ஆம் நாள் வெளியே வரும். "பாவம், கஷ்டப்படுது" என்று நாம் ஓட்டை உரிக்கக் கூடாது. ரத்தம் வந்துவிடும்.

பொரிப்பதற்குச் சற்று முன்னால் மீதி மஞ்சள் கரு குஞ்சின் வயிற்றுக்குள் போய்விடுகிறது. அதனால் இரண்டு நாள் வரை தீனி இல்லாமலும் தாங்கும். முதல் குஞ்சு வந்த உடனே தாய் எழுந்து போகாமல் மற்ற முட்டைக்காகக் காத்திருப்பது இதனால்தான் முடிகிறது.

5. குஞ்சு வந்த பிறகு

தாயோடு சேர்த்துப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தால் பருந்து, காக்கா பயம் இல்லை. தண்ணீரை ஆழம் இல்லாத தட்டில், கூழாங்கல் போட்டு வையுங்கள். கிண்ணத்தில் வைத்தால் குஞ்சு விழுந்து சாகும். நொய், உடைத்த கம்பு கொடுக்கலாம். காசில்லாத தீனி கரையான். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத்துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் இருக்கும் இடத்தில் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும்.

6. வெள்ளைக்கழிச்சல்

இதுதான் முக்கியமான பகுதி. கழுத்து திருகிக்கொள்ளும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், ஒரே வாரத்தில் தெருவே காலியாகிவிடும். இதன் பெயர் ராணிக்கெட் நோய். உத்தரகாண்ட் மாநிலத்தில் உள்ள ஒரு மலை ஊரின் பெயர் அது. 1926இல் இங்கிலாந்தில் நியூகேசில் என்ற ஊரிலும் பார்த்ததால் அங்கே நியூகேசில் நோய் என்பார்கள். இது வைரஸ் நோய். வந்த பிறகு குணமாக்க மருந்து கிடையாது. வருமுன் தடுக்க மட்டுமே முடியும்.

முதல் வாரத்தில் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து விட வேண்டும். எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. ஓடி ஒளியும் ஊர்க்கோழிக்காகவே, தீனி மாதிரி கொத்தித் தின்னும் குருணை மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் கண்டுபிடித்திருக்கிறது. வழக்கமாகப் பிப்ரவரி மாதம் கால்நடைத் துறை ஊர் ஊராக இலவசத் தடுப்பூசி முகாமும் நடத்துகிறது.

ஒரு மருந்துக் குப்பி சாதாரணமாக நூறு கோழிக்கு வரும். கரைத்துவிட்டால் சீக்கிரமே போட்டு முடிக்கணும், மறுநாளைக்கு எடுத்து வைக்க முடியாது. நாலு கோழிக்காக ஒருத்தர் மட்டும் கேட்டால் வீணாகும். தெருவே சேர்ந்து ஒரே நாளில் போட்டால் எல்லா வீட்டுக் கோழியும் பிழைக்கும். பக்கத்து வீட்டுக் கோழிக்கு நோய் இருந்தால் நம்ம வீட்டுக் கோழிக்கு மட்டும் சுவர் கட்ட முடியுமா?

கோழிகள் திடீரென்று கூட்டமாகச் செத்தால் அறுக்கவோ விற்கவோ வேண்டாம். பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தோழிகளே, முகாம் தேதி தெரிந்ததும் அவரவர் தெருவில் வீடு வீடாகச் சொல்லுவோம். ராத்திரியே கோழியைக் கூட்டில் அடைத்து வைக்கச் சொல்லுவோம். விடிந்து திறந்து விட்டால் பிடிக்க முடியாது!

யோசித்துப் பார்!
அ) தை 1ஆம் தேதி அவயம் வைத்தால் குஞ்சு எந்தத் தேதி வரும்?
ஆ) சத்துணவு முட்டை ஏன் பொரிக்காது? (இரண்டு காரணம் உண்டு!)

விடையை ஒரு தாளில் எழுதி நம்ம அறிவியல் ஆசிரியரிடம் கொடுங்கள்.



– 9ஆம் வகுப்பு மாணவி, கூடங்குளம்