ஹோட்டல் வேன் டிரைவருக்கு டிப்ஸ்: கொடுக்கணுமா, எவ்வளவு?

பீளமேடு ஏர்போர்ட்ல இறங்கி ஹோட்டல் வேன்ல ஏறுறீங்க. வண்டி இலவசம். டிரைவருக்கு ஏதாச்சும் கொடுக்கணுமா?

அமெரிக்க விமானப் பணியாளர்கள் ஹோட்டல் வேன் டிரைவருக்கு ஆளுக்கு ஒன்றிரண்டு டாலர் கொடுப்பது வழக்கம். நம்ம ஊரில் அப்படிக் கட்டாயம் இல்லைங்க. ஆனா நாலு விஷயம் தெரிஞ்சு வெச்சுக்கங்க.

1. பேட்டா வேற, டிப்ஸ் வேற. வாடகை டாக்சி பில்லில் வரும் பேட்டா டிரைவரின் நாள்படி. அதை டிப்ஸ் கணக்கில் சேர்க்காதீங்க. "பேட்டா உங்க கைக்கு வருதுங்களா?"னு கேட்டுடுங்க.

2. ஹோட்டல் பில்லில் சர்வீஸ் சார்ஜ் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. எடுக்கச் சொல்லுங்க; மறுத்தா 1915-க்குப் புகார் செய்யலாம்.

3. பெட்டி தூக்கினாரா, விடியக்காலம் 4 மணிக்கு வந்தாரா? 50 ரூபாய் கொடுங்க. குழுவாப் போனா ஆளுக்கு 20 சேர்த்து ஒருத்தரே கொடுத்துடுங்க.

4. சில்லறை இல்லைன்னா டிரைவரோட சொந்த நம்பருக்கு ஜிபே பண்ணுங்க. ஹோட்டல் கியூஆர்ல போட்டா அவர் கைக்குப் போகும்னு சொல்ல முடியாது.

மாசம் 4 பயணம், தலா 50 என்றால் வருஷத்துக்கு 2,400 ரூபாய். பயண பட்ஜெட்டிலேயே இதை ஒதுக்கிடுங்க. அப்புறம் இறங்குற நேரத்துல கை தயங்காது.