டிராக்டர் ஸ்டார்ட்டர்: கோளாறை அறியும் முறை

உழவுப் பருவத்தில் ஒரு நாள் தவறினால், எவ்வளவு பொருள் கொடுத்தும் அந்த நாளைத் திரும்பப் பெற இயலாது என்பதை விவசாய அங்கத்தினர்கள் நன்கு அறிவர். ஆகவே, சங்கத்துக்குச் சொந்தமான டிராக்டர் பருவத்தில் கிளம்ப மறுப்பது ஓட்டுநர் ஒருவரின் தொல்லை மட்டுமன்று. பெயர் பதிந்து காத்திருக்கும் அங்கத்தினர் அனைவருக்கும் நேரும் நஷ்டமாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பரிசீலிக்கச் சென்றிருந்தேன். ஒரே பருவத்தில் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பழுது பார்த்ததற்கு மூன்று ரசீதுகள் இருந்தன. முதல் முறை கார்பன் பிரஷ். இரண்டாம் முறை சோலனாய்டு. மூன்றாம் முறை மோட்டாரே புதிது. இவ்வளவு செலவழித்த பின்னரும், புரட்டாசி மழை பெய்து மண் பதமாக இருந்த மூன்று நாள்களும் வண்டி கொட்டகையிலேயே நின்றது. இறுதியில் கண்ட குறை யாது? பாட்டரியிலிருந்து வண்டியின் இரும்புச் சட்டத்துக்குச் செல்லும் எர்த் கேபிளின் முனையில் துரு ஏறியிருந்தது. அரை மணி நேரத்தில் செலவின்றித் தீர்ந்திருக்க வேண்டிய கோளாறு அது. ரசீதுகள் யாவும் ஒழுங்காக இருந்தமையால் கணக்கில் நான் குறை கூற இடமில்லை. விதைப்புத் தவறியவர்களின் நஷ்டமோ எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

தறியில் இழை அறுந்தால் நெசவாளர் அறுந்த இடத்தைத் தேடிப் பிணைக்கிறாரேயன்றித் தறியை மாற்றுவதில்லை. ஸ்டார்ட்டர் விஷயத்திலும் அதுவே முறை.

மின்சாரம் செல்லும் வழிகள்

ஸ்டார்ட்டருக்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது மெல்லிய கம்பிகளாலான வழி. பாட்டரியிலிருந்து சாவி, பாதுகாப்பு ஸ்விட்சு ஆகியவற்றைக் கடந்து சோலனாய்டுச் சுருளை அடைவது இது. சோலனாய்டு இழுபட்டதும் இரண்டாவது வழி திறக்கிறது. பாட்டரி, தடித்த கேபிள், சோலனாய்டின் செம்புத் தொடுமுனைகள், மோட்டார், இயந்திரத்தின் உடல், எர்த் கேபிள் எனச் சென்று மின்சாரம் மீண்டும் பாட்டரியையே அடைகிறது.

டீசல் இயந்திரத்தைச் சுழற்ற நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் வேண்டும். ஓர் இணைப்பில் ஓம் அளவில் நூற்றில் ஒரு பங்கு தடை இருப்பதாகக் கொள்வோம். 200 ஆம்பியர் ஓடும்போது அந்த ஓரிடத்திலேயே 2 வோல்ட் வீணாகிறது. 12 வோல்ட்டில் இது ஆறில் ஒரு பங்கு! ஆனால் விளக்குகளுக்குச் சில ஆம்பியர் போதுமாதலால், அதே இணைப்பின் வழியே அவை பிரகாசமாக எரியும். ‘விளக்கு நன்றாக எரிகிறது, எனவே பாட்டரியும் கேபிளும் சரி, மோட்டாரே கெட்டது’ என்று முடிவு செய்வது இதனால்தான் தவறாகிறது.

விளக்குச் சோதனை

கருவி எதுவும் இல்லாதவர் இச்சோதனையைச் செய்யலாம். கியரை நியூட்ரலில் வைத்துப் பிரேக்கைப் பூட்டுக. இயந்திரத்தை நிறுத்தும் குமிழை இழுத்துப் பிடித்து, முன்விளக்கைப் போட்டுச் சாவியைத் திருப்புக.

1. விளக்கு பிரகாசம் குறையாமல் இருந்து, ஓசையும் எழவில்லையாயின், குற்றம் மெல்லிய வழியில் உள்ளது. சாவி, பாதுகாப்பு ஸ்விட்சு, சோலனாய்டுச் சுருள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மாஸி பெர்குசன் வண்டிகள் பலவற்றில் ஹை–லோ லிவர் நடுநிலையில் இருந்தாலன்றி ஸ்டார்ட்டர் இயங்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

2. விளக்கு குறையாமல் ‘டக்’ என்று ஒரே ஓசை மட்டும் கேட்டால், சோலனாய்டின் தொடுமுனைகள் கருகியிருக்கலாம். அல்லது கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். இங்குதான் மெக்கானிக்கை அழைப்பது நியாயமாகும்.

3. விளக்கு அடியோடு மங்கினால் அல்லது அணைந்தால், பாட்டரி வலுவிழந்துள்ளது; அல்லது அதன் முனைகளிலோ எர்த்திலோ இணைப்புக் கெட்டுள்ளது. மோட்டாரோ இயந்திரமோ இறுகிப்போவதாலும் இவ்வாறு நேரலாம். ஆயினும் அதனைக் கடைசியாகவே சந்தேகிக்க வேண்டும்.

ஓசை கூறும் செய்தி

‘டக் டக் டக்’ என்று விரைந்து கேட்பது பெரும்பாலும் பாட்டரியின் குறை. சோலனாய்டை இழுக்க வலு இருக்கிறது, மோட்டாரின் சுமை ஏறியதும் வோல்ட் சரிகிறது, சோலனாய்டு விடுபடுகிறது, மீண்டும் இழுபடுகிறது. மோட்டார் ‘விர்’ரென்று சுழன்றும் இயந்திரம் அசையாவிடில், பினியன் பல்சக்கரம் ஈடுபடவில்லை, அல்லது அதன் கிளட்ச் வழுக்குகிறது. நறநறவென்ற ஓசை பிளைவீல் பற்கள் தேய்ந்ததைக் குறிக்கும். மூன்று சிலிண்டர் இயந்திரம் ஏறக்குறைய அதே மூன்று இடங்களிலேயே நிற்குமாதலால், அவ்விடங்களிலுள்ள பற்களே முதலில் தேய்கின்றன.

அளந்து பார்த்தல்

ஒவ்வொரு சங்கமும் ஒரு வோல்ட் மீட்டர் வாங்கி வைத்தல் நலம். நன்கு சார்ஜ் ஏறிய பாட்டரி, ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். இயந்திரத்தைச் சுழற்றும்போது 9.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பாட்டரியைச் சார்ஜ் ஏற்றிச் சோதிக்க வேண்டும்.

பின்பு, மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும், மற்றதை ஸ்டார்ட்டரின் உடலிலும் வைத்துச் சுழற்றுக. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றம் எர்த் வழியில் உள்ளது. மேற்சொன்ன சங்கத்தில் இந்த ஒரு சோதனை செய்திருந்தால் மூன்று ரசீதுகளுக்கும் வேலையில்லை.

குறை கண்ட இணைப்பைக் கழற்றும்போது எர்த் கேபிளை முதலில் கழற்றி, இறுதியில் பூட்ட வேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் நேர்முனையே எர்த் ஆக இருக்கும், பார்த்துச் செய்க. பாட்டரி மூடிகளை இறுக்கிவிட்டு, ஆப்பசோடா கரைத்த நீரால் முனைகளைக் கழுவித் துடைத்துக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். சட்டத்தில் கேபிள் பொருந்தும் இடத்தில் பெயிண்டும் துருவும் நீங்கி இரும்பு பளிச்சிட வேண்டும். இறுக்கிய பின் வாசலின் பூசுக. சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் பீடி, தீக்குச்சி, தீப்பொறி எதுவும் அருகில் ஆகாது. ஒரு முறைக்கு 10 விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டரைச் சுழற்றாமல், இரண்டு நிமிடம் ஆற விடுவதும் அவசியம்.

உயிரைப் பறிக்கும் குறுக்குவழி

தரையில் நின்றுகொண்டு, சோலனாய்டின் இரு முனைகளையும் ஸ்பானராலோ ஸ்குரு டிரைவராலோ இணைத்து வண்டியைக் கிளப்பும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இது பாதுகாப்பு ஸ்விட்சை அறவே ஒதுக்கிவிடுகிறது. கியர் விழுந்திருந்தால் இயந்திரம் கிளம்பிய கணமே வண்டி பாயும், நிற்பவரோ பின்சக்கரத்தின் முன்னால் இருக்கிறார், விலகுவதற்கு நேரமிராது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் தயாரான பெர்குசன் டி.இ.20 வண்டியில், கியர் லிவரையே தனியொரு நிலைக்குத் தள்ளி ஸ்டார்ட்டரை இயக்குமாறு அமைத்திருந்தனர். கியரில் இருக்கும்போது வண்டி கிளம்பவே கூடாது என்பதே அதன் நோக்கம். அத்தகைய காவலை நாமே ஒரு ஸ்பானரால் முறிப்பது தகுமா? ஆசனத்தில் அமர்ந்தே வண்டியைக் கிளப்ப வேண்டும்.

நிர்வாகக் குழுவினர் செய்ய வேண்டுவன

டிராக்டருக்குப் பழுதுப் பதிவேடு ஒன்று வைக்க வேண்டும். தேதி, கண்ட அறிகுறி, விளக்குச் சோதனையின் முடிவு, அளந்த வோல்ட், செய்த வேலை ஆகிய ஐந்தும் அதில் இடம்பெறட்டும். இவை இன்றி ஸ்டார்ட்டர் செலவுக்கு அனுமதி வழங்கலாகாது. மாற்றிய பழைய உறுப்பையும் பார்வைக்குக் கேட்டுப் பெற வேண்டும். பருவம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே பாட்டரி முனைகளையும் எர்த்தையும் சுத்தம் செய்வதும் அப்பதிவேட்டில் ஏறட்டும்.

சங்கத்தின் பணம் அங்கத்தினரின் பணம். அதனினும் அரியது மழைக்குப் பின் மண் பதமாக இருக்கும் சில நாள்கள். அந்த நாள்களில் வண்டி வயலில் இருக்குமாறு பார்த்துக்கொள்வது, ஓட்டுநருக்கும் நிர்வாகக் குழுவுக்கும் ஒருங்கே உரிய கடமையாகும்.